போராடச் சொல்வதா, வேண்டாமா?

கேள்வி: அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். கீமோ நடக்கிறது. பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் “போராடுங்க, ஜெயிச்சிடுவீங்க” என்கிறார்கள். என் அலுவலகத் தோழிகளின் ஆங்கில வாழ்த்துகளிலும், அடுத்த வீட்டுச் சீன ஆன்ட்டியின் பேச்சிலும் அதேதான். அம்மாவோ, “சண்டை போட எனக்குத் தெம்பில்லம்மா” என்கிறார். அவரிடம் எப்படிப் பேசுவது?
- ஒரு வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

பதில்: அம்மா சொல்வதை அப்படியே நம்புங்கள். கீமோ வார்டில் தாதியாக இருந்தவள் நான். மருந்து ஏறிய சில நாளில் எழுந்து பல் தேய்ப்பதே பெரும்பாடு.

போர்ப்பேச்சு ஆங்கிலத்தில் நன்றாக ஊறிப்போனது. 1971இல் அமெரிக்க அதிபர் நிக்சன் கையெழுத்திட்ட புற்றுநோய்ச் சட்டத்தையே ‘புற்றுநோய்மீதான போர்’ என்றுதான் சொல்கிறார்கள். நம் சுகாதார அமைச்சும் 2016இல் நீரிழிவுமீது போர் அறிவித்தது. சரி, சீனிப் பானங்களைக் கட்டுப்படுத்த அந்த வேகம் வேண்டும். ஆனால் புற்றுநோயால் இறந்தவரை ஆங்கிலத்தில் ‘போரில் தோற்றார்’ என்று எழுதுவார்களே, அதை என்னால் பொறுக்கவே முடியாது. கட்டி பரவியதற்கு அவர் என்ன செய்வார்?

சீன மொழியிலும் இது உண்டு. நோயைப் பிசாசு என்பார்கள், அதை எதிர்த்து நிற்கச் சொல்வார்கள். கூடவே அருமையான ஒரு பழமொழியும் வைத்திருக்கிறார்கள்: நோய் வருவது மலை சரிவதுபோல, போவது பட்டுநூல் உருவுவதுபோல. எங்கள் வார்டில் ஒரு சீனப் பாட்டி பக்கத்துக் கட்டில் தமிழ்ப் பெண்ணுக்கு இதை மலாயில் விளக்கினார். கூட்டிலிருந்து நூல் இழுப்பதுபோல விரலை அசைத்து, “பெலான் பெலான்”, அதாவது மெதுவாக மெதுவாக, என்றார். மறுநாளிலிருந்து நான் காய்ச்சல் பார்க்கப் போனால், அந்தப் பெண்ணும் பதிலுக்கு அதேபோல விரலை அசைத்துக் காட்டுவார்.

நம் ஊர்களிலும் அம்மை கண்டால் ‘அம்மா வந்திருக்கா’ என்று வேப்பிலை செருகி, வீட்டில் சத்தம் குறைத்து, கடைசியில் தலைக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். யாரும் யாரையும் சண்டைக்கு அனுப்பவில்லை.

அதற்காகப் போர்ப்பேச்சே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நோயாளிகளின் பேச்சை ஆராய்ந்தபோது, அது சிலரைக் குற்ற உணர்வில் தள்ளுவதையும் வேறு சிலருக்குத் தெம்பு கொடுப்பதையும் கண்டார்கள். ‘பயணம்’ என்று சொல்வதும் அப்படித்தான், எல்லாருக்கும் ஒத்துவராது. நாளைக்கு அம்மாவே “ஒரு கை பார்க்கிறேன்” என்றால் நீங்களும் சேர்ந்துகொள்ளுங்கள். அதுவரை “கஞ்சி இறங்குச்சாம்மா?” என்று கேட்டாலே போதும். வருகிறவர்களிடம் ‘போராடுங்க’ என்ற பேச்சு வேண்டாம் என்று வாசலிலேயே சொல்லிவிடுங்கள். அடுத்த வீட்டு ஆன்ட்டியிடம் அந்தப் பட்டுநூல் பழமொழியைக் கேளுங்கள், அவருக்குக் கட்டாயம் தெரிந்திருக்கும். அம்மாவின் சோர்வு மனத்திலும் இறங்கியிருக்கிறதோ என்று தோன்றினால், மருத்துவமனையின் மருத்துவச் சமூக ஊழியரிடம் பேசுங்கள்.

காய்ச்சல் விஷயத்தில் மட்டும் பெலான் பெலான் வேண்டாம். கீமோ நேரத்தில் 38 டிகிரி செல்சியஸ் தொட்டால், இரவானாலும் உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.