ஆறு ஊசிக்கும் மொத்தமாகப் பணம் கட்டலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 72 வயது. புராஸ்டேட் புற்றுநோய் இடுப்பெலும்பு, முதுகெலும்பு வரை பரவிவிட்டது. ஹார்மோன் ஊசி, மாத்திரை, கீமோ எல்லாம் கொடுத்தும் பிஎஸ்ஏ (புராஸ்டேட் புற்றின் போக்கைக் காட்டும் ரத்தப் பரிசோதனை அளவு) ஏறுகிறது. லுட்டீசியம் என்ற கதிரியக்க மருந்து ஊசி போடலாம் என்கிறார் டாக்டர். ஏற்பாடு செய்து தருவதாக வந்த ஒருவர், ஆறு ஊசிக்கும் இப்போதே கட்டினால் தள்ளுபடி என்கிறார். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். இந்த ஊசியிலுள்ள லுட்டீசியம்-177இன் கதிரியக்க வீரியம் ஏறக்குறைய ஆறரை நாளுக்கு ஒருமுறை பாதியாகிவிடும். வாங்கி அலமாரியில் வைக்கிற சரக்கு இல்லை. ஆறு வாரத்துக்கு ஒன்று என்று போட்டால் ஆறாவது ஊசி வர ஏழு மாதம் ஆகும். அதற்கான மருந்து இன்றைக்கு எங்கேயும் இல்லை. பிறகு எதற்கு முன்பணம்?

ஆறு என்பது உச்சவரம்புதான். ஒவ்வொரு ஊசிக்கு முன்பும் ரத்த அணுக்களையும் சிறுநீரகத்தையும் பார்ப்பார்கள். ரத்தம் உறைய உதவும் தட்டணு இறங்கினால் தள்ளிப்போடுவார்கள். நோய் கேட்கவில்லை என்றால் இரண்டோடு நிறுத்திவிடுவதும் உண்டு. மீதிப் பணத்தை அந்த மனிதரிடம் போய்க் கேட்டுப் பாருங்கள்!

முதலில் பிஎஸ்எம்ஏ பெட் ஸ்கேன் எடுத்தார்களா? இந்த மருந்து புற்றுச் செல்லின் மேலுள்ள பிஎஸ்எம்ஏ புரதத்தில் போய் ஒட்டிக்கொண்டு வேலை செய்வது. அந்தப் புரதம் இருப்பதைச் சாதாரண எலும்பு ஸ்கேன் காட்டாது. அப்புறம், 'அணு ஊசி' என்ற பொதுப்பெயரில் சமாரியத்தைப் போட்டுவிட்டு லுட்டீசியம் விலை கேட்பவர்கள் இருக்கிறார்கள். சமாரியம் எலும்பு வலிக்கான மருந்து, அவ்வளவுதான். ரசீதில் மருந்தின் பெயரும், வழக்கமான 200 மில்லிகியூரி போன்ற கதிரியக்க அளவும், தேதியும் இருக்கட்டும்.

'முழுக் குணம்' என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். 831 பேரிடம் நடந்த விஷன் ஆய்வில், வழக்கமான சிகிச்சையோடு இதையும் சேர்த்தவர்களின் இடைநிலை ஆயுள் (பாதிப் பேர் அதைத் தாண்டி வாழ்ந்த காலம்) 15.3 மாதம், சேர்க்காதவர்களுக்கு 11.3 மாதம். பலருக்கு வலியும் குறைகிறது. லாபம் சிறியதல்ல, ஆனால் இது குணமும் அல்ல.

இதையெல்லாம் மருத்துவமனையே ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் தரகருக்கு வேலையே இருக்காது. ஸ்கேன் ஓரிடம், ரத்தம் ஓரிடம், காப்பீட்டுக் கோப்பு இன்னோர் மேசை என்று அலைய விட்டால் குடும்பம் யாரையாவது பிடிக்கத்தான் செய்யும்.

ஒரு விஷயத்தில் மட்டும் லுட்டீசியம் தேதிக்காகக் காத்திருக்கவே கூடாது. அப்பாவுக்கு முதுகெலும்பில் நோய் இருக்கிறது. திடீரென்று கால் வலுவிழந்தாலோ, மரத்துப்போனாலோ, சிறுநீரோ மலமோ கட்டுப்படாமல் போனாலோ, தண்டுவடம் நசுங்குகிறது என்று அர்த்தம். இரவு இரண்டு மணியானாலும் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள். உடனே எம்ஆர்ஐ எடுத்து, ஸ்டீராய்டு கொடுத்து, வெளிக்கதிர் சிகிச்சையோ அறுவையோ செய்ய வேண்டும். 'திங்கட்கிழமை ஊசி இருக்கிறதே, அதுவரை பார்ப்போம்' என்று இருந்தால் நடை திரும்பாமலே போகலாம். வலி கூடினாலே, கால் தளரும் முன்பே, டாக்டரைக் கூப்பிடுங்கள்.

லுட்டீசியம் தொடங்கியதும் ஹார்மோன் ஊசி தேவையில்லை என்று யாராவது சொல்வார்கள். டாக்டர் சொல்லாமல் அதை நிறுத்தாதீர்கள்.