மேஜிஷியனில் எல்லாவற்றையும் ஆன் செய்யலாமா?

கேள்வி: திருவல்லிக்கேணியில் டிடிபி சென்டர் நடத்துகிறேன். ரிச்சி தெருவில் சாம்சங் 870 ஈவோ, 500 ஜிபி எஸ்.எஸ்.டி. வாங்கி, விண்டோஸ் 10 உள்ள பழைய கம்ப்யூட்டரில் போட்டேன். "சாம்சங் மேஜிஷியன் சாஃப்ட்வேரை இறக்கி எல்லாத்தையும் ஆன் பண்ணுங்க, பறக்கும்" என்றார் கடைக்காரர். செய்யலாமா? தினமும் எழுதி அழித்தால் எஸ்.எஸ்.டி. சீக்கிரம் தேய்ந்துவிடுமா?

பதில்: சாம்சங் எஸ்.எஸ்.டி.களைப் பராமரிக்கும் சாஃப்ட்வேரான மேஜிஷியனை சாம்சங் தளத்திலிருந்தே இறக்கிக்கொள்ளுங்கள். ஆனால் கண்ணில் பட்டதையெல்லாம் ஆன் செய்யாதீர்கள்.

முக்கியமாக, ராபிட் மோட் பக்கம் போகவே வேண்டாம். அது உங்கள் ரேமில் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு, ஃபைல்களை முதலில் அங்கே வைத்து, பிறகு எஸ்.எஸ்.டி.க்கு அனுப்பும். அதை ஆன் செய்து வேகச் சோதனை ஓட்டினால் நொடிக்கு ஆயிரக்கணக்கான எம்பி என்று காட்டும். கடைக்காரர் சொன்ன 'பறக்கும்' இதுதான். உங்கள் எஸ்.எஸ்.டி. கம்ப்யூட்டரோடு சேரும் சாட்டா இணைப்பில் நொடிக்கு 600 எம்பியைத் தாண்ட வழியே இல்லை. திரையில் நீங்கள் பார்ப்பது ரேமின் வேகம். முகூர்த்த சீசனில் பத்திரிகை ஃபைலை சேவ் செய்த கையோடு கரண்ட் போனால், ரேமில் காத்திருந்த பகுதி அம்போதான். யுபிஎஸ் பேட்டரி எந்த லட்சணத்தில் இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

ஓவர் புரொவிஷனிங்? அது எஸ்.எஸ்.டி.யின் உள்வேலைகளுக்காக சுமார் 10 சதவீத இடத்தைப் பிரித்து ஒதுக்கும். விண்டோஸில் 465 ஜிபி என்று தெரிவதில் 46 ஜிபி போய்விடும். டிஸ்க்கை நிரப்பித் தள்ளாமல் ஐம்பது, அறுபது ஜிபி காலியாக விட்டாலே போதும். அழித்த ஃபைல்களின் இடம் காலி என்று எஸ்.எஸ்.டி.க்குச் சொல்லும் டிரிம் வேலையை விண்டோஸே வாரம் ஒருமுறை பார்த்துக்கொள்ளும்.

இந்த சாஃப்ட்வேரை வைத்திருப்பதற்கு உண்மையான காரணம் ஃபர்ம்வேர், அதாவது எஸ்.எஸ்.டி.க்குள்ளேயே இருந்து அதை இயக்கும் புரோகிராம். 2023 தொடக்கத்தில் சாம்சங்கின் 990 புரோ எஸ்.எஸ்.டி.யில் மிச்ச ஆயுளைக் காட்டும் ஆரோக்கிய சதவீதம் மளமளவென்று இறங்கியது. ஃபர்ம்வேர் அப்டேட் கொடுத்துத்தான் நிறுத்தினார்கள். உங்களுடையது வேறு மாடல். ஆனாலும் அப்டேட் வந்தால் போடுங்கள்: முதலில் பேக்கப், அப்புறம் அப்டேட், நடுவில் கரண்ட் போகாத நேரமாகப் பார்த்து.

தேய்மானத்தை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் மாடலுக்கு வாரண்டி 5 ஆண்டு அல்லது மொத்தம் 300 டிபி (ஒரு டிபி என்பது 1000 ஜிபி) எழுதும் வரை, எது முந்துகிறதோ அது. தினமும் 20 ஜிபி எழுதினாலும் ஆண்டுக்கு 7.3 டிபிதான். அந்த 300-ஐத் தொட நாற்பது வருடம் ஆகும்.

மாதம் ஒருமுறை மேஜிஷியனில் ஸ்மார்ட் பட்டியலை, அதாவது எஸ்.எஸ்.டி. தன் நிலையைத் தானே குறித்துவைக்கும் பட்டியலை, திறந்து பாருங்கள். 'ரீஅலோகேட்டட் செக்டர்' (பழுதாகி மாற்றப்பட்ட பகுதிகள்), 'அன்கரெக்டபிள் எரர்' (சரிசெய்ய முடியாத பிழைகள்) எண்கள் ஏறிக்கொண்டே போனால் டேட்டாவை உடனே வேறு இடத்துக்கு மாற்றிவிட்டு வாரண்டிக்குப் போங்கள். 'சிஆர்சி எரர்' (டேட்டா போய்வரும் வழியில் நேரும் பிழை) மட்டும் ஏறினால் பெரும்பாலும் எஸ்.எஸ்.டி. மேல் குற்றம் இருக்காது. சாட்டா கேபிள் தளர்ந்திருக்கும் அல்லது கெட்டிருக்கும். அதற்கெல்லாம் புது டிஸ்க் வாங்கச் சொல்லும் கடைகளும் உண்டு. முதலில் கேபிளை மாற்றுங்கள். பழைய எண் அப்படியேதான் நிற்கும், குறையாது. மேலே ஏறாமல் இருந்தால் சரி.