கல்லூரிச் செலவும் பெற்றோரும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். என் மகள் அடுத்த ஆண்டு கல்லூரியில் சேர இருக்கிறாள். மகன் அவளைவிட இரண்டு வயது இளையவன். நான் பகுதிநேர வேலை பார்த்தும் கடன் வாங்கியும் என் படிப்பை நானே முடித்தவன். உழைத்துப் பெறாத எதற்கும் மதிப்பிருக்காது என்பது என் எண்ணம். ஆகவே மகள் தன் பெயரில் கல்விக்கடன் வாங்கிப் படிக்கட்டும் என்கிறேன். என் மனைவியோ, ஓய்வுக்காலத்துக்கென்று சேர்த்த பணத்தை எடுத்தாவது முழுச் செலவையும் நாமே ஏற்க வேண்டும், அது பெற்றவர்களின் கடமை என்கிறார். எனக்கு வயது 50. இந்தப் பேச்சை எடுத்தாலே வீட்டில் மனத்தாங்கல்தான் மிஞ்சுகிறது. மகளிடம் நாங்கள் இன்னும் எதுவும் சொல்லவில்லை. உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் உறுத்தியது, மகளிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை என்ற வரி. நீங்கள் முழுச் செலவையும் ஏற்றாலும், பாதியை ஏற்றாலும், ஒன்றுமே தராவிட்டாலும், அந்த முடிவு அவள் கல்லூரியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். எவ்வளவு பணம் கிடைக்கும் என்று தெரியாமல் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து, மனத்தளவில் அங்கே போய்ச் சேர்ந்தும்விட்ட ஒரு பெண்ணிடம், இது நம்மால் முடியாது என்று சொல்வதைத்தான் நான் பெரிய அநீதியாகக் கருதுகிறேன்.

கடமை என்று உங்கள் மனைவி சொல்வதில், சட்டங்களே ஒரே கருத்தில் இல்லை. ஜெர்மனியின் உரிமையியல் சட்டம், பிள்ளைக்குப் பொருத்தமான ஒரு தொழிற்கல்விக்கான செலவையும் பெற்றோர் தரவேண்டிய பராமரிப்புக்குள் சேர்க்கிறது. பிள்ளை முனைப்போடு படிக்க வேண்டும் என்பதும், பெற்றோரின் சொந்தப் பிழைப்பு கெட்டுவிடக் கூடாது என்பதும் அதற்குரிய வரம்புகள். ஸ்வீடனில் இதற்கு நேர்மாறாக, கல்லூரி மாணவர் தனி ஆளாகவே கருதப்படுகிறார். அரசு தரும் படிப்புதவிக்குப் பெற்றோரின் வருமானம் கணக்கில் வருவதில்லை. அமெரிக்காவின் நிலைதான் மிகக் கடினமானது. அங்கே பெற்றோர் செலவைத் தர வேண்டும் என்ற பொதுவான சட்டக் கட்டாயம் இல்லை. ஆனால் 24 வயதுக்குட்பட்ட, மணமாகாத மாணவருக்கு அரசு உதவியைக் கணக்கிடும்போது பொதுவாகப் பெற்றோரின் வருமானமும் சேர்த்தே பார்க்கப்படுகிறது. பெற்றோர் ஒரு காசும் தர மறுத்தாலும் அந்தக் கணக்கு மாறாது. அதாவது, நீங்கள் கொடுக்க மறுப்பதனால் மட்டும் உங்கள் பிள்ளை ஏழை மாணவராகிவிடுவதில்லை. உங்கள் வருமானம் உதவியின் கதவை அடைத்திருக்க, உங்கள் கையும் மூடியிருந்தால், இரண்டுக்கும் நடுவில் நிற்பது பிள்ளைதான்.

மகள் தன் பெயரில் கடன் வாங்கட்டும் என்பதையும் சற்று ஆராய வேண்டும். வருமானமோ சொத்தோ இல்லாத பதினெட்டு வயதுக்காரருக்குத் தனியாகக் கடன் தர வங்கிகள் பெரும்பாலும் முன்வருவதில்லை. இணைக் கடனாளியாகப் பெற்றோரின் கையெழுத்தைக் கேட்கின்றன. தவணை தவறினால் வங்கி உங்களிடம்தான் வரும். ஆஸ்திரேலியா 1989-இல் கொண்டுவந்த ஏற்பாட்டைப் போல, படித்து முடித்தவரின் வருமானம் ஒரு வரம்பைத் தாண்டிய பிறகே வரியோடு சேர்த்துத் திருப்பிச் செலுத்தும் முறை இருக்கும் நாட்டில், கடன் அவ்வளவாக அச்சுறுத்துவதில்லை. வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் குறித்த நாளில் தவணை தொடங்கிவிடும் கடன் வேறு வகையானது. படிக்கும் காலத்துக்கும் வட்டி ஏறுமா, தவணை எப்போது தொடங்கும், அப்போது வேலை இல்லையென்றால் என்ன வழி என்ற மூன்றுக்கும் விடை தெரிந்துகொண்ட பிறகே கையெழுத்திடுங்கள்.

உழைத்துப் பெறாததற்கு மதிப்பில்லை என்ற உங்கள் எண்ணத்தை நான் முற்றிலும் தள்ளிவிடவில்லை. அமெரிக்கச் சமூகவியலாளர் லாரா ஹாமில்டன் 2013-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், பெற்றோர் தரும் பணம் கூடும்போது மாணவர்களின் மதிப்பெண் சற்றுக் குறைவதைக் கண்டார். உங்களுக்கு இது மகிழ்ச்சி தரலாம். ஆனால் அதே ஆய்வில், பெற்றோரின் பணம் பெற்றவர்கள் பட்டம் பெற்று வெளியேறும் வாய்ப்பு கூடுவதையும் அவர் கண்டார். இவ்விரண்டில் எது முக்கியம் என்று கேட்டால் பட்டம்தான் என்பேன், ஏனென்றால் பாதியில் படிப்பை விட்டவருக்குக் கடன் முழுதாக இருக்கும், அதை அடைக்க உதவும் தகுதி மட்டும் இருக்காது. வேலையைப் பொறுத்தும் இப்படித்தான்: வாரத்தில் சில மணி நேர வேலை பெரும்பாலும் கெடுதல் செய்வதில்லை, அது இருபது மணி நேரத்தைத் தாண்டும்போது படிப்பு தளரத் தொடங்குகிறது. நீங்கள் அதைத் தாங்கிப் படித்து முடித்தீர்கள். தாங்க முடியாமல் நின்றுவிட்டவர்களும் அன்று உங்களோடு படித்திருப்பார்கள் என்பதை நினைத்துப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள் மனைவியின் யோசனையில் எனக்கு உடன்பாடில்லாத இடம் ஓய்வுக்காலப் பணம். ஆண்டுக்கு 8 விழுக்காடு வளரும் பணம் ஏறத்தாழ 9 ஆண்டுகளில் இரட்டிப்பாகும். உங்கள் 50-ஆவது வயதில் எடுத்துவிடும் தொகை, எடுக்காமல் இருந்தால் 68-ஆவது வயதில் நான்கு மடங்காகியிருக்கும். விலைவாசி அதில் ஒரு பகுதியைத் தின்றுவிடும் என்றாலும் இழப்பு பெரிதுதான். படிப்புக்குக் கடன் தருவார்கள். வருமானம் நின்றுபோன முதுமையின் அன்றாடச் செலவுக்கு எவரும் கடன் தருவதில்லை. அந்தப் பணம் தீர்ந்துபோனால் உங்கள் இருவரையும் தாங்கும் பொறுப்பு, வாழ்க்கையைத் தொடங்கிக்கொண்டிருக்கும் மகள்மீதும் மகன்மீதும்தான் விழும். இன்று அவளுக்குத் தருவதாக நினைப்பதைப் பின்னாளில் அவளிடமே கேட்க நேரும்.

ஆகவே, நான் உங்கள் இடத்தில் இருந்தால் ஓய்வுக்காலச் சேமிப்பைத் தொடமாட்டேன். மாத வருமானத்திலிருந்தும் மற்றச் சேமிப்பிலிருந்தும் ஆண்டுக்கு எவ்வளவு தர முடியும் என்று மனைவியோடு அமர்ந்து கணக்கிட்டு, அந்தத் தொகையை இந்த மாதமே மகளிடம் சொல்வேன். கல்லூரிக் கட்டணத்தை மட்டும் பார்க்காமல், விடுதி, சாப்பாடு, புத்தகம், போக்குவரத்து எல்லாவற்றையும் படிப்பு முடியும் வரைக்கும் சேர்த்துப் பார்க்க வேண்டும். முதலாண்டுக்கு மட்டும் கணக்குப் போட்டவர்கள்தான் மூன்றாம் ஆண்டில் தவிக்கிறார்கள். மீதியை உதவித்தொகை, அளவான வேலை, அளவான கடன் ஆகியவற்றால் எப்படி நிரப்புவது என்பதை அவளே முதலில் திட்டமிடட்டும். நீங்கள் விரும்பும் பொறுப்புணர்வு அங்கே தானாக வரும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கொடுக்கும் பணம் கொடையா கடனா என்பதை இப்போதே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். கொடை என்றால், அவள் எந்தப் பாடத்தைப் படிக்கிறாள், எந்த வேலைக்குப் போகிறாள், யாரை மணக்கிறாள் என்ற பேச்சுகளில் அந்தப் பணம் ஒருபோதும் குறுக்கே வரக் கூடாது. ஒழுங்காகப் படிக்க வேண்டும் என்ற ஒரு நிபந்தனை நியாயமானது. அதைத் தாண்டி, எதையும் வாய்விட்டுச் சொல்லாமல் பல ஆண்டுகள் கழித்து 'உன்னைப் படிக்க வைத்தோமே' என்று எடுத்துக்காட்டுவதைவிட, இது கடன், இவ்வளவு திருப்பித் தர வேண்டும் என்று இன்றே எழுதிக்கொள்வது எவ்வளவோ மேல்.

இந்தப் பேச்சின்போது மகனும் உடனிருக்கட்டும். அவனுடைய முறை வரும்போது செலவு வேறாக இருக்கலாம், உங்கள் வருமானமும் மாறியிருக்கலாம். இருவருக்கும் ஒரே தொகை தர முடியாமல் போகலாம். அப்படி நேர்ந்தால் அதற்கான காரணத்தை அவன் உங்கள் வாயாலேயே கேட்கட்டும்.

அன்புடன்