தையல் வேலையால் வரும் தோள்பட்டை வலிக்கு

சகோதரிக்கு வணக்கம். நாள்தோறும் 8 மணி நேரம் தையல் இயந்திரத்தின் முன் அமர்வதாகவும், 3 வாரமாக வலத் தோளிலிருந்து கழுத்துவரை இறுக்கிப் பிடிப்பதாகவும், தைலம் தேய்த்துப் படுத்திருந்தும் குறையவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். குனிந்த தலையின் எடையைத் தாங்கும் தசைகள் மணிக்கணக்கில் தளராமல் இழுபட்டு நிற்பதே இத்தகைய வலிக்குப் பெரும்பாலும் காரணம் என்பதால், படுத்தே கிடப்பது விறைப்பைக் கூட்டுமே தவிர வலியைத் தீர்க்காது.

கல்லுப்பை வாணலியில் வறுத்து, பருத்தித் துணியில் முடிந்து, மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துச் சூடு பொறுக்கிறதா என்று பார்த்த பிறகே தோளில் 15 நிமிடம் ஒத்தடம் கொடுங்கள். தைலம் பூசிய இடத்தில் ஒத்தடம் வேண்டாம், தோல் புண்ணாகிவிடும். சர்க்கரை நோயால் மரத்துப்போன தோலுக்கும் இது ஆகாது.

எல்லாவற்றையும்விட நான் வற்புறுத்துவது இருக்கையைத்தான். ஸ்டூல் தாழ்வாக இருந்தால், தோள்கள் காதை நோக்கி உயர்ந்தபடியே தைக்க நேரும். முழங்கை மேசை மட்டத்துக்கு வரும்படி ஒரு தலையணை போட்டு அமருங்கள். பல ஆண்டுகள் தைத்த என் தாயாருக்குத் தைலத்தைவிட அதுவே கைகொடுத்தது. பாபின் மாற்றும்போதெல்லாம் எழுந்து, தோள்களைப் பின்னோக்கி 10 முறை சுழற்றுங்கள்.

கை மரத்தாலோ, பிடி வலுவிழந்தாலோ, காய்ச்சல் சேர்ந்தாலோ, இன்னும் சில வாரங்களில் குறையாவிட்டாலோ மருத்துவரைப் பாருங்கள். நெஞ்சு இறுக்கம், வியர்வை, மூச்சுத்திணறல் ஆகியவற்றோடு தோள் வலித்தால், தசைவலி என்று காத்திராமல் உடனே 108-ஐ அழையுங்கள்.