எவோரா ஒருநாள் பயணம்: முழங்கால் வலி உள்ள அம்மாவோடு

போர்ச்சுகலின் பழைய ஊரான எவோராவுக்கு லிஸ்பனிலிருந்து ஒரே நாளில் தாராளமாகப் போய் வரலாம். ரயிலில் சுமார் ஒன்றரை மணி நேரம்தான். ஆனால் நாளுக்குச் சில வண்டிகளே உண்டு, அதனால் திரும்பும் டிக்கெட்டை முதலில் எடுங்கள்.

சிக்கல் நடையில்தான். நிலையம் ஊர் மதிலுக்கு வெளியே, பார்க்கப் போகும் ரோமானியக் கோவிலோ ஊரின் உச்சியில். இடையில் முழுக்கக் கருங்கல் பாவிய ஏற்றம். அம்மாவுக்கு டாக்ஸியே சரி, இறங்கும்போது நடக்கலாம் என்றும் எண்ணாதீர்கள், முழங்காலுக்கு இறக்கம்தான் மோசம்.

கோவிலுக்குக் கட்டணமில்லை, உள்ளே ஏறவும் முடியாது. எதிரே நிழலான பூங்கா இருக்கிறது, அம்மா அங்கே உட்காரலாம். நிற்கும் 14 தூண்களில் தண்டு கிரானைட், தலைப்பகுதி எஸ்ட்ரெமோஸ் என்ற ஊரின் பளிங்கு; அந்த வேறுபாட்டைக் கவனியுங்கள். இதற்கு வழங்கும் ‘டயானா கோவில்’ (டயானா ஒரு ரோமானிய தெய்வம்) என்பது பிற்காலத்தில் ஒட்டிய பெயர். தூண்களின் இடைவெளிகளைச் சுவரால் அடைத்து 1836 வரை இறைச்சிக்கூடமாக வைத்திருந்ததால்தான் இவ்வளவாவது மிஞ்சியது!

ஜூலை, ஆகஸ்ட் என்றால் காலையிலேயே பார்த்துவிடுங்கள், மதிய வெயில் கொளுத்தும்.