மட்குவது எப்படி? கேள்வி பதில்

கேள்வி: பூஞ்சைக்கு வாயே இல்லை. பட்ட மரத்தை எப்படித் தின்கிறது?

பதில்: நாம் தின்றபிறகு செரிக்கிறோம், அது செரித்தபிறகு தின்கிறது. முடியைவிட மெல்லிய இழைகள் கட்டைக்குள் ஊடுருவி செரிக்கவைக்கும் நொதிகளைக் கசியவிடும். மரத்தின் நார்ப்பொருளான செல்லுலோஸ் சர்க்கரையாகக் கரைந்ததும் இழை உறிஞ்சிக்கொள்ளும். மரத்துக்கு உறுதி தரும் லிக்னின்தான் முரண்டு பிடிக்கும் சரக்கு. வெண்ணழுகல் பூஞ்சைகள் அதையும் உடைக்கும். கட்டை வெளுத்து நார்நாராகப் பிரியும். பழுப்பழுகல் பூஞ்சைகள் லிக்னினைப் பெரும்பாலும் விட்டுவிடும். கட்டை கட்டம் கட்டமாக வெடித்து, விரலால் நசுக்கினால் தூளாகும்.

கேள்வி: மாடித் தொட்டியில் காய்கறிக் கழிவு நாறுகிறது.

பதில்: ஈரம் அதிகம். காற்றில்லாத இடத்தில் வாழும் பாக்டீரியாக்கள் விடும் வாயு அது. சருகு கலந்து கிளறுங்கள். ஒரு பிடி எடுத்துப் பிழியுங்கள். ஓரிரு சொட்டு வரலாம், ஒழுகக் கூடாது.

கேள்வி: மண்புழுவுக்குப் பல் உண்டா?

பதில்: இல்லை. அரைவைப்பையில் மணலோடு சேர்த்து அரைக்கும்.

கேள்வி: தோப்பில் தென்னை நார்க்கழிவு வருடக்கணக்கில் மட்காமல் கிடக்கிறது.

பதில்: அதில் லிக்னின் ஏறக்குறைய 30 சதவீதம். கார்பன், நைட்ரஜன் விகிதம் 100:1ஐத் தாண்டும்; வேகமாக மட்க 30:1 பக்கத்தில் இருக்க வேண்டும். நுண்ணுயிர் உடம்பு வளர்க்க நைட்ரஜன் இல்லாமல் முடியாது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் முறையில் சிப்பிக்காளான் வித்தும், நைட்ரஜனுக்காக யூரியாவும் அடுக்கடுக்காகத் தூவுவார்கள். சிப்பிக்காளானும் வெண்ணழுகல் கூட்டம்தான். ஈரத்தைப் பிழிந்து பார்க்க மறக்காதீர்கள்.

கேள்வி: யூரியாவா? அப்புறம் அது என்ன இயற்கை உரம்?

பதில்: இயற்கை உரம் என்று நான் சொல்லவே இல்லையே! யூரியாவை நுண்ணுயிர்கள் அம்மோனியாவாக்கித் தங்கள் உடம்பில் சேர்த்துக்கொள்கின்றன. இயற்கை விவசாயச் சான்றிதழ் வாங்குபவர் யூரியாவைத் தொடக் கூடாது, சரி. சாணமும் பச்சைத்தழையும் போடுங்கள், நாள் கூடும்.

கேள்வி (அதே நண்பர்): காட்டில் யார் யூரியா போட்டார்கள்?

பதில்: யாரும் போடவில்லை. விழுந்த பெருமரம் அங்கே பல பத்தாண்டு கிடந்து மட்கும், காட்டுக்கு அவசரமில்லை. உங்களுக்கோ ஆடிப்பட்டத்துக்குள் உரம் வேண்டும். காட்டில் யாரும் நார்க்கழிவை மலையாகக் குவித்தும் வைப்பதில்லை. இதோடு யூரியாவை விடுவோம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கேள்வி: எங்கள் தொட்டியும் நாறுகிறது ஐயா.

பதில்: மேலே சொன்னதைப் படியுங்கள். பிழியுங்கள்.

கேள்வி: குவியல் கை வைக்க முடியாமல் சுடுகிறது.

பதில்: நல்லதுதான். நுண்ணுயிர்கள் மூச்சு விடும் சூடு. 55 முதல் 65 டிகிரிக்குப் போனால் களை விதைகள் பெரும்பாலும் செத்துவிடும்.

கேள்வி: குவியலில் காளான் முளைத்திருக்கிறது. சமைக்கலாமா? புற்றுக்காளான் சாப்பிடுகிறோமே?

பதில்: கூடாது. புற்றுக்காளான் கதை வேறு: கறையான் தின்ற சருகையும் மரத்தையும் எச்சமாக்கி, புற்றுக்குள் அதன்மேல் வளர்க்கும் பூஞ்சை அது, மழைக்குப் பின் வெளியே குடை விரிக்கும். அதையும் அடையாளம் தெரிந்தவர் பறித்துத் தந்தால் மட்டும் சாப்பிடுங்கள்.