நிகழ்ச்சி வழிகாட்டியில் ஐந்தரை மணி நேரம் பின்தங்கினால்

கடலூரிலிருந்து கேட்டிருக்கிறீர்கள், டிவியின் செட்டாப் பெட்டி காட்டும் நிகழ்ச்சிப் பட்டியலில் நேரம் ஐந்தரை மணி பின்தங்கியே இருக்கிறது என்று. பெட்டி பழுதில்லை, நேர மண்டலம்தான் தவறு. மெனுவில் நேர அமைப்புக்குப் போய், தானியங்கியை அணைத்துவிட்டு +5:30 என்று நீங்களே வையுங்கள்.

இரவு 7 மணிச் செய்தி மதியம் 1:30 என்று காட்டுகிறது என்கிறீர்களே, அந்த வித்தியாசமே காட்டிக்கொடுக்கிறது. டிவிபி என்ற டிஜிட்டல் ஒளிபரப்பு முறையில் நிகழ்ச்சி நேரம் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில்தான் வரும். கடலூருக்கென்று தனியாக அனுப்பமாட்டார்கள். நம் நேரத்துக்கு அதோடு எவ்வளவு கூட்ட வேண்டும் என்பதை ஒளிபரப்போடு வரும் டிஓடி என்ற இன்னொரு அட்டவணை சொல்லும். அது வராவிட்டாலோ, பெட்டி அதைக் கண்டுகொள்ளாவிட்டாலோ இப்படித்தான்.

மாற்றிய பிறகு பெட்டியை ஒருமுறை அணைத்துப் போட்டு, கைபேசி நேரத்தோடு ஒப்பிடுங்கள். சில மலிவுப் பெட்டிகளில் +5, +6 மட்டும்தான் இருக்கும், அரை மணியே கிடையாது. எரிச்சல்தான்!

ஒரே ஒரு சேனலில் மட்டும் தவறா? அப்படியானால் மெனுவைத் தொடாதீர்கள். அது அனுப்புகிறவர் பக்கத்துக் கோளாறு. நீங்கள் மாற்றினால் மற்ற சேனல்களும் கெடும்.